மோட்டார் சைக்கிளுக்கு வந்த விக்கல்

என் மோட்டார் சைக்கிளின் பின்சீற்றில் அப்பா முதன்முதல் ஏறிய நாளில், இரண்டு கிலோமீற்றர் போவதற்குள் இறங்கிவிட்டார்.

அன்று சனிக்கிழமை. பாடனில் சனிக்கிழமை மத்தியானம் ஷூல்ஹவுஸ்பிளாட்ஸ் சந்தியைக் கடந்திருக்கிறீர்களா? கார்கள் ஊரும், நிற்கும், திரும்பவும் ஊரும். நானும் அவற்றுக்குப் பின்னால் ஊர்ந்தேன். கைப்பிடியைக் கொஞ்சம் முறுக்குவேன், ஒன்றும் நடக்காது. இன்னும் கொஞ்சம் முறுக்குவேன், பைக் திடீரென்று முன்னால் பாயும். பயந்து கையைத் தளர்த்தினால், யாரோ பின்னால் பிடித்து இழுத்ததுபோல் முகம் குப்புறத் தள்ளும். ஒவ்வொரு தடவையும் அப்பாவின் ஹெல்மெற் என் ஹெல்மெற்றில் 'டொக்' என்று முட்டும். ஹோக்புருக்கெ பாலம் முழுக்க டொக், டொக், டொக். எனெட்பாடனில் ஒரு பஸ் தரிப்பிடம் வந்ததும் தோளில் தட்டினார்.

"பிள்ளை, நான் பஸ்ஸில வாறன்."

கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் கோபித்திருப்பேன். அவர் சிரித்துக்கொண்டு சொன்னார். ஹெல்மெற்றைக் கழற்றித் தேங்காய்போலக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, கண்ணாடியைப் போட்டு பஸ் நேரம் பார்க்கத் தொடங்கினார். மற்றக் கை இடுப்பில் இருந்தது. இருபது வருசத்துக்கு மேலாக உணவகக் குசினிகளில் சட்டி தூக்கிய முதுகு அது. வலித்தால் வாயால் சொல்லமாட்டார், கை அங்கே போய்விடும்.

அந்தச் சவாரிக்காக நான் இரண்டு வருசம் காத்திருந்தேன். சுவிஸில் பழகுநர் அனுமதியோடு ஓடும்போது பின்னால் ஆள் ஏற்றுவதென்றால், ஏறுகிறவருக்கே மோட்டார் சைக்கிள் லைசென்ஸ் இருக்கவேண்டும். அப்பாவுக்கு இங்கே கார் லைசென்ஸ் மட்டும்தான். ஆகவே 12 மணித்தியால அடிப்படைப் பயிற்சி, நீல நிற 'எல்' தகடு, கடைசியில் பரீட்சை எல்லாம் முடிந்தபிறகுதான் அவரை ஏற்ற முடிந்தது. (2021இலிருந்து 16 வயதிலேயே 125 சீசீ ஓடலாம். என் காலத்தில் அதற்குப் 18 வயதாக வேண்டும். உங்களில் சிலர் இதை வாசித்துவிட்டு இன்றிரவே வீட்டில் கதை தொடங்குவீர்கள் என்று தெரியும். அம்மாமார் என்னைத் திட்டட்டும்.)

இனி அந்த விக்கலைப் பற்றிச் சொல்கிறேன். பரீட்சையில் பாஸ் பண்ணின எனக்கு ஓடத் தெரியாது என்று நான் நம்பவில்லை, பழைய பைக்கில்தான் பிழை என்று நினைத்தேன். அது பாதி சரி.

ஓடும்போது கைப்பிடியை முழுதாக மூடினால், இந்தக் காலத்து எஞ்சினின் கணினி, "இவளுக்கு இப்போது வேகம் வேண்டாம்" என்று நினைத்து பெற்றோல் தெளிப்பதை அடியோடு நிறுத்திவிடும். பெற்றோலும் மிச்சம், புகையும் குறைவு, நல்ல விசயம்தான். திரும்ப ஒரு துளி திறந்ததும் தெளிக்கத் தொடங்கும். ஆனால் எஞ்சினுக்குக் காற்றுப் போகும் குழாயின் சுவரில் எப்போதும் மெல்லிய பெற்றோல் ஈரம் ஒன்று இருக்கும். தெளிப்பு நின்றிருந்த நேரத்தில் அது காய்ந்துபோகும். அதனால் முதலில் தெளிக்கும் பெற்றோலில் ஒரு பகுதி சுவரை நனைக்கவே போய்விடுகிறது. எஞ்சின் ஒரு கணம் யோசிக்கும், பிறகு ஒரேயடியாக இழுக்கும். அதிலும் புதிய புகை விதிகள் வரவர, 2016இல் யூரோ 4, 2020இல் யூரோ 5 என்று, கணினிக்குத் தாராளமாகப் பெற்றோல் ஊற்றும் சுதந்திரமும் குறைந்துவிட்டது.

இது எஞ்சின் பக்கத்துக் கதை. எஞ்சினுக்கும் பின் சில்லுக்கும் நடுவில் செயின் இருக்கிறது. அது தளர்ந்து தொங்கினால், எஞ்சின் இழுக்கத் தொடங்கியதும் முதலில் அந்தத் தளர்வைச் சுருட்டி எடுக்கும். எடுத்து முடிந்ததும் ஒரு அடி அடித்துத்தான் சில்லைத் திருப்பும். கயிறிழுத்தல் போட்டி தெரியும்தானே? தொய்ந்த கயிற்றை ஒரு பக்கத்தார் சட்டென்று இழுத்தால் மற்றப் பக்கத்தில் முன்னுக்கு நிற்பவர் விழுவார். விழுந்தவர் என் அப்பா.

அன்று பின்னேரமே நிலக்கீழ்க் கராஜில் இறங்கி உட்கார்ந்தேன். பக்கத்து வீட்டுத் தாத்தா முன்பு பிரௌன் பொவேரியில் வேலை செய்தவர். 1891இல் பாடனில் தொடங்கிய அந்தக் கம்பனிதான் 1988இல் சுவீடனின் அசேயாவோடு சேர்ந்து இப்போதைய ஏபிபி ஆனது. அங்கே வேலை செய்த பழைய ஆட்கள் எல்லாவற்றையும் அளந்துதான் பேசுவார்கள். நான் செயினை விரலால் தூக்கிப் பார்த்து "கொஞ்சம் லூஸ்தான்" என்றதும், ஒன்றும் சொல்லாமல் போய் ஒரு இரும்பு அடிமட்டத்தோடு வந்தார். என் பைக்கின் கையேட்டில் கீழ்ப்பக்கச் செயின், நடுவில், மேலும் கீழும் 30 முதல் 40 மில்லிமீற்றர் ஆடலாம் என்று இருந்தது. என்னுடையது 58 ஆடியது. வெட்கமாக இருந்தது. இரண்டு வருசம் செயினுக்கு எண்ணெய் போட்டேனே தவிர ஒருநாளும் அளக்கவில்லை.

நீங்கள் செய்வதென்றால் ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: எஞ்சின் நின்றிருக்கவேண்டும். சுற்றும் செயினுக்கும் பற்சில்லுக்கும் நடுவில் விரலை விட்டு விரலே போனவர்கள் இருக்கிறார்கள். சில்லைக் கையால் மெல்லச் சுற்றி, செயின் எங்கே மிக இறுக்கமாக இருக்கிறதோ அந்த இடத்தில் அளக்கவேண்டும். பின் அச்சு நட்டைத் தளர்த்தி, இரண்டு பக்கமும் ஒரே அளவு இழுத்து, திரும்பவும் கையேடு சொல்லும் பலத்துக்கு இறுக்கவேண்டும். தளர்வு பிழை என்றால் இறுக்கம் நல்லது என்று நினைக்காதீர்கள். ஆள் ஏறி சீற் கீழே அமரும்போது செயின் இன்னும் இழுபடும். மிகவும் இறுக்கினால் கியர்ப்பெட்டியின் பேரிங் கெட்டுவிடும், அது பெரிய செலவு.

அடுத்தது கைப்பிடி. என்னுடைய பைக் கொஞ்சம் பழையது, அக்சிலேற்றர் கம்பியில்தான் இழுபடுகிறது. கம்பி தானாக இழுக்கத் தொடங்குமுன் கைப்பிடி சும்மா சுற்றும் தூரம் ஒன்று உண்டு. 3 முதல் 5 மில்லிமீற்றர் வேண்டும் என்ற இடத்தில் எனக்கு 9 இருந்தது. முதலில் முறுக்கும்போது ஒன்றும் நடக்காததன் காரணம் இதுதான். ஒன்றும் நடக்காததால் கூடுதலாக முறுக்கியிருக்கிறேன். சின்னப் பூட்டு நட்டைத் தளர்த்தித் திருகினேன், ஐந்து நிமிட வேலை. அதன்பிறகு எஞ்சினை எழுப்பி, ஹாண்டிலை இடது கடைசி, வலது கடைசி என்று திருப்பிப் பார்க்கவேண்டும். திருப்பும்போது எஞ்சின் சத்தம் தானாக ஏறினால் கம்பி அளவுக்கு மிஞ்சி இறுகிவிட்டது, வளைவில் உங்களைக் கேட்காமலே பாயும்.

பின் சில்லுக்குள் இருக்கும் ரப்பர்த் துண்டுகளையும் பார்த்தேன், அவை நன்றாகவே இருந்தன. நண்பன் ஒருவன் சின்ன மின்பெட்டி ஒன்று வாங்கச் சொன்னான். வெளிக்காற்று உண்மையைவிடக் குளிராக இருக்கிறது என்று கணினியிடம் பொய் சொல்லுமாம், கணினியும் நம்பிக் கூடுதலாகப் பெற்றோல் தெளிக்குமாம். எனக்கு அது பிடிக்கவில்லை. சுவிஸில் எஞ்சினிலும் புகையிலும் அனுமதியில்லாமல் கை வைத்தால் தண்டம் கட்டவேண்டி வரும். அதைவிட, செயினே சரியில்லாத பைக்குக்கு முதலில் மூளைக்கா மருந்து கொடுப்பது?

இதையெல்லாம் தம்பியிடம் விளக்கிக்கொண்டிருந்தபோது அப்பா தேத்தண்ணியோடு கராஜுக்கு வந்தார். சுவர் ஈரம் காய்கிற கதையைக் கேட்டுவிட்டு, "உது எங்கட மண்ணெண்ணெய்க் கதையெல்லோ" என்றார்.

1990இன் நடுப்பகுதியில் சண்டை திரும்பத் தொடங்கியபோது யாழ்ப்பாணத்துக்கு பெற்றோல் வருவதை அரசாங்கம் நிறுத்தியது. கரண்டும் இல்லை. கார்களும் மோட்டார் சைக்கிள்களும் மண்ணெண்ணெயில் ஓடின. இதைத் தமிழ்ப் பாடசாலையில் கேள்விப்பட்டிருக்கிறேன், ஆனால் எப்படி ஓடியது என்று யாரிடமும் கேட்டதில்லை. பெற்றோலின் இலேசான பகுதிகள் 40 பாகைக்கு முன்னரே ஆவியாகத் தொடங்கும். மண்ணெண்ணெய் கொதிக்க ஏறக்குறைய 150 பாகை வேண்டும். குளிர்ந்த எஞ்சினில் அது எரியவே எரியாது. அதனால் போத்தலில் பொன்போலச் சேர்த்து வைத்த பெற்றோலில் சில துளியைக் காபரேற்றருக்குள் விட்டு உதைத்து எழுப்பி, எஞ்சின் சூடான பிறகுதான் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்களாம். பெரியப்பாவிடம் ஒரு எம்.டி. 90 இருந்தது. அப்பாவுக்கு அப்போது 17 வயது.

"சட்டெண்டு முறுக்கினா இருமிப்போட்டு நிண்டிடும். நிண்டா திரும்ப எழுப்ப பெற்றோல் வேணும். பெற்றோலுக்கு எங்க போறது? அதால கை தானாப் பழகிச்சு."

"அவ்வளவுதானா?" என்று தம்பி கேட்டான். அப்பா கொஞ்ச நேரம் செயினைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இல்லை. அப்பம்மாவை ஏத்தின நாளிலதான் பழகிச்சு."

அப்பம்மாவுக்கு வயிற்றில் ஒப்பிரேசன் செய்து, யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரியில் இருந்து நீர்வேலிக்குக் கூட்டிவந்திருக்கிறார். பத்துக் கிலோமீற்றருக்குக் கிட்ட. வேறு வாகனம் கிடைக்கவில்லை. தையல் போட்ட வயிறோடு அப்பம்மா பின்னால் ஒரு பக்கமாக இருந்து, அப்பாவின் சேர்ட்டை முதுகில் கொத்தாகப் பிடித்திருந்தாராம். சைக்கிள் வெட்டி இழுக்கும்போதெல்லாம் அந்தப் பிடி இறுகும். அப்பம்மா வாய் திறக்கவில்லை. பிடி இறுகுவதையும் தளர்வதையும் முதுகால் பார்த்துப் பார்த்துத்தான் அப்பா அந்தப் பத்துக் கிலோமீற்றரும் ஓடியிருக்கிறார். கோப்பாய் தாண்டியபோது பிடி இறுகுவது நின்றுவிட்டதாம். நித்திரையாகிவிட்டாவோ என்று பயந்து நிறுத்திப் பார்த்தால், "ஏன்ரா நிப்பாட்டினனி?" என்று கேட்டாவாம்.

அப்பம்மாவை நான் வீடியோவில் மட்டும்தான் பார்த்திருக்கிறேன்.

அடுத்த இரண்டு கிழமையும் வேலை முடிந்து, ஆளில்லாத ஒரு வாகனத் தரிப்பிடத்தில் எட்டுப் போட்டேன். தம்பியைப் பின்னால் ஏற்றி, 'டொக்' எண்ணுவதற்கு ஐந்து பிராங் சம்பளம் பேசினேன். முதல் நாள் பத்து நிமிடத்தில் 27. செயினும் கம்பியும் சரியான பிறகும் 27! அப்போதுதான் மிச்சப் பாதி என் கையில் இருப்பது விளங்கியது. நான் ஹாண்டிலில் தொங்கிக்கொண்டிருந்தேன். பைக் குலுங்க உடம்பு ஆடும், உடம்பு ஆடக் கை ஆடும், கை ஆட அக்சிலேற்றர் ஆடும், அது திரும்பவும் பைக்கைக் குலுக்கும். முழங்காலால் தாங்கியைப் பிடித்து, கையில் பாரம் போடாமல் இருந்தேன். சுட்டுவிரலைக் கைப்பிடிக்குப் பக்கத்துச் சுவிட்ச் பெட்டியில் முட்டுக் கொடுத்தேன், 18 ஆகியது. முதலாம் கியரை விட்டு இரண்டில், கிளட்ச் பாதி பிடிக்கும் இடத்தில் ஊர்ந்தேன், 11. கைப்பிடியை முழுதாக மூடாமல் ஒரு நூல் திறந்தபடி வைத்து, வேகத்தைப் பின் பிறேக்கை மெல்ல மிதித்துக் குறைத்தேன். தெளிப்பு நிற்காவிட்டால் சுவர் காயாது, செயினும் தொய்யாது. 4.

சம்பளம் எண்ணிக்கைக்கு அல்ல, நேரத்துக்கு என்று தம்பி முதலே பேசி வைத்திருந்தான். இல்லாவிட்டால் கூட்டிச் சொல்லியிருப்பான்.

செப்டெம்பரில் ஒரு பின்னேரம் அப்பாவிடம் கேட்டேன். பஸ் காசைக் காற்சட்டைப் பையில் போட்டுக்கொண்டுதான் வந்தார், நான் கண்டேன். ஷூல்ஹவுஸ்பிளாட்ஸில் அதே கார் வரிசை. பாலத்தில் ஒரு டொக், எனெட்பாடனில் ஒன்றுமில்லை. அங்கிருந்து ஹோதால் பக்கம் ஏறும் வீதி வளைந்து வளைந்து போகும். ஒவ்வொரு வளைவிலும் மூடாமல், ஒரு நூல் திறந்தபடி. அப்பாவின் கைகள் என் ஜக்கெற்றின் இரண்டு பக்கத்தையும் பிடித்திருந்தன. அந்தப் பிடியைத்தான் நான் கேட்டுக்கொண்டு ஓடினேன்.

மேலே ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணைத்தேன். அப்பா இறங்கி, இடுப்பில் கை வைக்காமல், லேகெர்ன் மலையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு என் பக்கம் வந்து, அணைந்திருந்த பைக்கின் கைப்பிடியை இரண்டு விரலால் பிடித்து மெல்ல முறுக்கினார், விட்டார், திரும்ப முறுக்கினார்.

"இதுக்குள்ள இன்னும் ஒரு நூல் தளர்வு கிடக்கு, பிள்ளை."

வீட்டுக்கு வந்து அளந்தேன். 4 மில்லிமீற்றர். கையேட்டின்படி சரியாகத்தான் இருந்தது. இருந்தாலும் அரை மில்லிமீற்றர் குறைத்தேன்.