அடுப்பங்கரையில் ஒரு சும்மாடு

திருவொற்றியூரில் குடியிருப்பவர்களுக்குப் பாம்பு என்பது புதிய விஷயமன்று. எங்கள் ஊர்க் கோயிலின் மூலவரே புற்று வடிவினர். ஆண்டு முழுவதும் கவசத்துக்குள் இருப்பவர், கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி மூன்று நாட்கள் மட்டும் கவசம் நீங்கித் தரிசனம் தருகிறார். படம்பக்கநாதர் என்றும் அவருக்குத் திருநாமம் உண்டு. இது பக்தி விஷயம். நடைமுறை வேறு. ஐப்பசி மழை பிடித்துக்கொண்டு எண்ணூர்க் கழிமுகத்துப் பக்கம் வெள்ளம் ஏறினால், தண்ணீர்ப் பாம்பும் சாரையும் மேட்டைத் தேடி வீடுகளுக்கு வந்துவிடும். அப்போது, புற்றுக்குப் பால் வார்த்த அதே கை கழியைத் தேடும். என் கையும் அப்படிப்பட்டதுதான் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன்.

2024ஆம் ஆண்டு ஐப்பசி மாதத்தில் ஒரு மாலை. எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவரும் அம்மாள், கூடையை இறக்கிவைத்து எங்கள் பின்கட்டில் சற்று இளைப்பாறுவது வழக்கம். தலையில் வைக்கும் சும்மாட்டை இரண்டொரு தடவை மறந்து விட்டுப் போனதும் உண்டு. அன்று என் மனைவி சமையலறையைக் கூட்டும்போது, குளிர்பதனப் பெட்டியின் பின்புறத்தில் அது கிடக்கக் கண்டாள்.

"பாருங்க, அந்தம்மா சும்மாட்டை மறுபடியும் விட்டுட்டுப் போயிருக்காங்க. பூனைதான் இங்கே இழுத்துப் போட்டிருக்கணும்" என்று சொல்லிக்கொண்டே குனிந்து கையை நீட்டினாள்.

சும்மாடு மூச்சு விட்டது.

அவள் போட்ட கூச்சலை நான் வர்ணிக்கப் போவதில்லை. தெருவே கூடிவிட்டது என்றால் போதும். தவிட்டு நிறமும் கருமையும் கலந்து, திட்டுத் திட்டாகப் புள்ளிகள். "கண்ணாடி விரியன், சந்தேகமே இல்லை" என்று ஒருவர் தீர்ப்புச் சொன்னார். "சீறவில்லையே?" என்றார் மற்றொருவர். "சீறாத விரியன்தான் பொல்லாதது" என்றார் முதல்வர். இம்மாதிரி சமயங்களில் அறியாமையைப் போல் உரத்துப் பேசுவது வேறொன்றுமில்லை. ஆனால் அச்சத்தைப் பரிகசிக்கவும் எனக்கு மனம் வரவில்லை. 2000 முதல் 2019 வரையில் நம் தேசத்தில் பாம்புக் கடியால் மாண்டவர்கள் சுமார் 12 லட்சம் பேர் என்று ஆராய்ச்சியாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். இருட்டில் சுருண்டு கிடப்பதைக் கண்டு நடுங்குகிறவனைக் கோழை என்று எப்படிச் சொல்வது?

துணி உலர்த்தும் கழியை எடுத்தேன். ஓங்கியும் விட்டேன். அந்தக் கணத்தில், கூட்டத்தின் கால்களுக்கிடையே நுழைந்து வந்த ஒரு சிறுவன் குளிர்பதனப் பெட்டிக்கு முன்னால் தொப்பென்று உட்கார்ந்துவிட்டான். மூன்றாம் வீட்டுப் பிள்ளை, பதினோரு வயதிருக்கும்.

"அடிக்காதீங்க தாத்தா! அது எங்க வீட்டுப் பாம்பு!"

கழி அந்தரத்தில் நின்றது. பையன் பின்னால் கைவிட்டு அதை வெளியே எடுத்தான். அது கடிக்கவில்லை, சீறவும் இல்லை. தன் தலையைத் தன் உடலுக்குள்ளேயே புதைத்துக்கொண்டு, இன்னும் இறுக்கமாகச் சுருண்டது. உயிர்ப் பயம் எங்களைவிட அதற்கு அதிகமாக இருந்தது.

"இதுக்குப் பேரு பால் பைத்தான், தாத்தா" என்றான்.

"பால் குடிக்குமோ?" என்று பின்னாலிருந்து ஒரு பாட்டி ஆவலுடன் கேட்டாள்.

எந்தப் பாம்பும் பாலை விரும்பிக் குடிப்பதில்லை. ஆங்கிலத்தில் 'பால்' என்றால் பந்து. பயந்தால் பந்தாகச் சுருள்வதால் வந்த பெயர் அது. மேற்கு ஆப்பிரிக்காவிலும் மத்திய ஆப்பிரிக்காவிலும் வாழும் சிறிய மலைப்பாம்பு, நஞ்சில்லாதது, எலி தின்பது. மாதக்கணக்கில் பட்டினி கிடக்கவும் அதனால் முடியும். பெட்டியின் பின்புறத்து வெப்பத்தை நாடித்தான் அது எங்கள் வீட்டுக்கு வந்திருக்க வேண்டும்.

எனக்குக் கோபம் மூண்டது பாம்பின் மீதன்று. அது கூண்டை விட்டுப் போய் ஒன்பது நாட்களாகிவிட்டனவாம்! அந்த ஒன்பது இரவும் என் பேத்தி அடுத்த அறையில் தரையில் பாய் விரித்துப் படுத்திருந்தாள். மூன்றாம் வீட்டார் தினமும் என்னிடம் மழையைப் பற்றிப் பேசினார்கள். பாம்பைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

பையனின் தகப்பனார் அன்றிரவு தலை குனிந்து வந்தார். பிறந்த நாளுக்கென்று உறவினர் ஒருவர் கொடுத்ததாம். எங்கிருந்து வந்தது என்று அவரும் கேட்கவில்லையாம். எங்கிருந்து வந்திருக்கும் என்பதைச் செய்தித்தாள் படிப்பவர்கள் ஊகிக்கலாம். 2023 ஜனவரியில் சென்னை விமான நிலையத்தில், பாங்காக்கிலிருந்து வந்து யாரும் உரிமை கோராத பெட்டிகளில் இந்த ஜாதிப் பாம்புகள் மட்டும் 45 இருந்தன. துணிமணிகளைப் போல் அடைக்கப்பட்டு வந்த அந்த ஜீவன்களைச் சுங்கத்தார் திருப்பி அனுப்பினார்கள். நம் நாட்டுப் பாம்புகளை வீட்டில் வளர்க்க 1972ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டம் இடம் தருவதில்லை. அயல்நாட்டுப் பிராணிகளை வைத்திருப்போர் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று 2024இல் விதிகள் வந்து, ஆறு மாத அவகாசமும் கொடுக்கப்பட்டது. அவகாசம் தீர்ந்துவிட்டது, மூன்றாம் வீட்டில் ஒரு காகிதமும் இல்லை.

"வெளியே சொல்லிடாதீங்க ஐயா. பையன் ஆசைப்பட்டான்" என்றார் அவர்.

நான் பதில் சொல்லவில்லை. அன்றிரவு தூக்கமும் வரவில்லை. மகாத்மா காந்தி தென்னாப்பிரிக்கச் சத்தியாக்கிரகத்தைப் பற்றி எழுதிய நூலில் படித்த ஒரு வரலாறு ஞாபகம் வந்தது. 1910இல் ஜோஹான்னஸ்பர்க் அருகே அமைந்த டால்ஸ்டாய் பண்ணையில் பாம்புகளுக்குக் குறைவில்லை. சிறை சென்ற தமிழர்களின் குடும்பங்களும் அங்கேதான் வாழ்ந்தன. பண்ணைக்கு நிலம் கொடுத்த காலன்பாக் துரை, பாம்புகளை அறிய வேண்டும் என்று ஒரு நாகத்தைப் பிடித்துக் கூண்டில் வளர்த்தார். நட்பினால்தான் அடைத்திருக்கிறோம் என்பது நாகத்துக்கு எப்படித் தெரியும் என்று காந்தியடிகள் வாதாடினார். ஒரு நாள் பார்த்தால் கூண்டு காலி, இருவருக்குமே சந்தோஷம்! இன்னொரு சமயம், காலன்பாக்கின் அறையிலேயே, விரட்டவும் பிடிக்கவும் இயலாத ஓர் இடத்தில் பாம்பு ஒன்று இருந்தது. அதைக் கொல்லக் காந்தியடிகள் அனுமதி கொடுத்தார். கொடுத்ததை ஒளிக்காமல் எழுதியும் வைத்தார்.

ஒளிக்காமல் என்பதுதான் என்னைப் படுத்தியது. அது சுமார் 1,100 ஏக்கர் பண்ணை. கூண்டை விட்ட நாகத்துக்குப் புல்லும் புதரும் இருந்தன, சந்தோஷப்படலாம். எங்கள் தெருவில் இரண்டு வீடுகளுக்கு இடையே கைநீட்டும் அகலம்கூட இல்லை. இங்கே கூண்டு காலியானால் அடுத்த இடம் அயலான் அடுப்பங்கரைதான். ஒன்பது நாட்களில் ஏதாவது ஒரு நாள் என்னிடம் சொல்லியிருந்தால் நான் கழி எடுத்திருக்க மாட்டேன். சொல்லியிருந்தால், அந்த வீட்டாருடன் பிறகு ஒரு நாளேனும் முகம் கொடுத்துப் பேசியிருப்பேனா? அது வேறு கேள்வி. அதற்கு விடை எனக்குத் தெரியும். அதனால்தான் அவர்களும் சொல்லவில்லை போலும்.

காலையில் மூன்றாம் வீட்டுக்குப் போனேன். "நீங்கள் வனத்துறையாருக்குச் சொல்லுங்கள், நான் பக்கத்தில் நிற்கிறேன்" என்றேன். வெகுநேரம் யோசித்துவிட்டு அவரே தொலைபேசியை எடுத்தார். நடுப்பகலில் இருவர் வந்தார்கள். பையன் அழவில்லை. துணிப்பையின் வாயைக் கட்டும்போது, "இன்னும் சாப்பிடலை சார், எலி கொடுப்பீங்களா?" என்று மட்டும் கேட்டான். கொடுப்பதாக அவர்களில் ஒருவர் சொன்னார். தகப்பனாரை அவர்கள் விசாரித்த அரைமணி நேரமும் நான் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். மேற்கொண்டு விசாரணை இருக்கிறது என்று சொல்லிப் போனார்கள்.

மறுநாள் மீன்கார அம்மாள் வந்தாள். கூடையை இறக்கினாள், சும்மாட்டைப் பக்கத்தில் வைத்துவிட்டுத் தண்ணீர் கேட்டாள். என் மனைவி தண்ணீர்ச் செம்புடன் வந்தவள், நின்று, வாரியல் கட்டையால் அந்தச் சும்மாட்டை இரண்டு முறை குத்திப் பார்த்துவிட்டுத்தான் செம்பை நீட்டினாள்.

"இன்னாம்மா, என் சும்மாடு இன்னா பண்ணிச்சு உன்னை?" என்றாள் அந்த அம்மாள்.