செவ்வாப்பேட்டையில் ஒரு தாத்தா நெல்!

சென்னை - அரக்கோணம் எலெக்ட்ரிக் ட்ரெயினில் தினமும் ஆபீஸ் போகிற புண்ணியவான்களுக்கு ஒரு கேள்வி. வேப்பம்பட்டுக்கும் புட்லூருக்கும் நடுவே என்ன ஸ்டேஷன்? தெரியாது! காலையில் அந்த இடத்தில் நீங்கள் பக்கத்து ஸீட்காரர் தோளில் தூங்கிக்கொண்டிருப்பீர்கள். சாயங்காலம் அவர் உங்கள் தோளில்.

செவ்வாப்பேட்டை ரோடு, ஸார்! ஆறு வருஷமாக திருவள்ளூரிலிருந்து சென்னைக்குப் போய்வருகிற நானும் அங்கே இறங்கியதில்லை. போன மாதம் ஒரு சனிக்கிழமை, மதுராந்தகம் பக்கத்து கிராமத்திலிருந்து வந்திருந்த அப்பா இறக்கிவிட்டார்.

"டேய், திரூர் இங்கதானே? டி.கே.எம். நெல்லு பொறந்த ஊருடா. வா, பார்த்துட்டு வருவோம்."

பி.காம். படித்தவனுக்கு டி.டி.எஸ். தெரியும், ஜி.எஸ்.டி. தெரியும். டி.கே.எம். என்றால்? திரூர்க்குப்பமாம்!

"காலேஜ் அட்மிஷனா ஸார்?" என்றார் ஆட்டோக்காரர்.

"இல்லப்பா, நெல்லு பார்க்கணும்."

ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுத்தான் கிளப்பினார்.

நெல் ஆராய்ச்சி நிலையத்தில் அன்று ஆபீஸ் லீவு. வேலிக்கு வெளியே நின்றுதான் பார்த்தோம். சின்னச் சின்னப் பாத்திகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு பலகை. நம்ம ஆபீஸ் மாதிரி ஆளுக்கொரு கேபின்!

இந்த ஊரிலிருந்து 1952-ல் வந்தது டி.கே.எம்.6. அதைப் பெற்றெடுத்த இரண்டு ரகங்களில் ஒன்று, ஜி.இ.பி.24. பெயர் பயமுறுத்தினாலும் ஆள் நம்ம கிச்சிலி சம்பாதான். கோணாமணி என்ற பழைய நெல்லில் தானாக மாறிப் பிறந்ததை, 1921-ல் கோவையில் கண்டுபிடித்தார்கள்.

1966-ல் பிலிப்பைன்ஸிலிருந்து ஐ.ஆர்.8 வந்தது. மூட்டை மூட்டையாக விளைந்தது. ஆனால், துங்ரோ, இலைக்கருகல் என்று எது வந்தாலும் படுத்துவிடும். தாக்குப்பிடிக்கிற நெல்லைத் தேடிய விஞ்ஞானிகள், டி.கே.எம்.6-ஐ இன்னொரு ரகத்தோடு சேர்த்தார்கள். 1969-ல் பிறந்தது ஐ.ஆர்.20. தண்டுத் துளைப்பானையும் ஓரளவு தாங்கியது. நம் தட்டில் விழுந்த அந்த 'ஃபாரின் அரிசி'க்குத் தாய்வீடு, நான் தினமும் தூங்கிக்கொண்டே தாண்டிப்போன இடம்!

"உங்க தாத்தா அஞ்சு ஏக்கரும் ஐ.ஆர்.20-தான் போட்டார்" என்றார் அப்பா, வேலியைப் பிடித்துக்கொண்டு. "ஒரு வருஷம் புகையான் வந்துது. தூர்ல உட்கார்ந்து சாறை உறிஞ்சிடும். வட்டம் வட்டமா, நெருப்பு வெச்ச மாதிரி வயல் காய்ஞ்சு போச்சு. நான் ப்ளஸ் டூ முடிச்ச வருஷம்."

எனக்குச் சுருக்கென்றது. "படிப்பு ஏறலடா எனக்கு" என்றுதான் இத்தனை வருஷமும் சொல்லியிருக்கிறார். ஏறாமல் போனது படிப்பு இல்லை, ஃபீஸ்.

ஐ.ஆர்.20-க்குப் புகையானைத் தாங்கும் சக்தி கிடையாது. அதற்காகவே 1973-ல் ஐ.ஆர்.26 வந்தது. ஒரே ஒரு ஜீன்தான் காவல். ஒரு பூட்டுக்கு ஒரு சாவி போதுமே! இரண்டு மூன்று வருஷத்தில், அதையும் தின்னத் தெரிந்த பூச்சிகள் பெருகிவிட்டன. 1976-ல் வந்த ஐ.ஆர்.36-க்கு வேறு பூட்டு கொடுத்தவை, கேரளாவின் பட்டாம்பியில் இருந்த பழைய ரகங்கள். புல்குட்டை நோய்க்கு எதிரான சக்தியோ, உத்தரப்பிரதேசத்துக் காட்டு நெல் ஒன்றிடமிருந்து வந்தது. 6,000-க்கும் மேற்பட்ட மாதிரிகளைச் சோதித்துப் பார்த்ததில் தேறியது அது ஒன்றுதான்! களை என்று யாராவது பிடுங்கிப் போட்டிருந்தால்?

இருக்கிற பணம் பூராவையும் ஒரே கம்பெனி ஷேரில் போடாதே என்று எங்கள் காமர்ஸ் வாத்தியார் படித்துப் படித்துச் சொன்னார். நெல்லுக்கும் அதே பாடம்தான். பழைய ரகத்துக்கு எல்லா நோயையும் தாங்கும் மந்திரசக்தி எதுவும் இல்லை. ஒன்றுக்கு இல்லாதது இன்னொன்றுக்கு இருக்கும். அத்தனையும் இருந்தால்தான் நாளைக்கு வரப்போகிற பூச்சிக்கு இன்றைக்கே பூட்டு இருக்கும். பிலிப்பைன்ஸ் விதை வங்கியில் 1,30,000-க்கும் மேற்பட்ட மாதிரிகளைக் குளிரில் பாதுகாக்கிறார்கள். நல்லதுதான். ஆனால், ஃப்ரீஸரில் தூங்கும் விதைக்குப் புதுப் பூச்சியோடு பழக்கம் ஏற்படாது. வயலிலும் யாராவது விதைத்தாக வேண்டும். விதைத்ததை யாராவது வாங்கித் தின்றாக வேண்டும்.

திரும்பும் ட்ரெயினில் அப்பா என் தோளில் சாய்ந்து தூங்கினார். முதல்முறையாக எழுப்ப மனசு வரவில்லை. திருவள்ளூரில் எழுப்பித்தானே ஆகவேண்டும்!

இறங்கியதும் ஒரு கிலோ கிச்சிலி சம்பா வாங்கினேன். விலையைப் பார்த்த மனைவி, "என்னங்க இது, அரிசியா, தங்கமா?" என்றாள்.

"இன்ஷூரன்ஸ் பிரீமியம்" என்றேன். அப்பா மட்டும் சிரித்தார்.