வேகத்துக்கு ஒரு கடிவாளம்

குதிரைக்குக் கடிவாளம் உண்டு. உழவு மாட்டுக்கு மூக்கணாங்கயிறு உண்டு. லாரிக்கும் அவ்வாறு ஒன்று உண்டு என்பதை நம் பள்ளித் தோழியருள் எத்தனை பேர் அறிவீர்கள்? அதன் பெயர் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி. ஓட்டுநர்கள் அதை ‘ஸ்பீடு கவர்னர்’ என்பார்கள். லாரி ஓட்டுநரின் மகள்களாகிய நாங்கள் இருவரும், அது பழுதுபட்ட நாட்களில்தான் அதன் அருமையை உணர்ந்தோம்.

கவர்னர் என்றவுடன் மாநிலத்தை ஆளுபவர் நினைவுக்கு வரலாம். இதுவோ இயந்திரத்தை ஆளும் கவர்னர். 1788ஆம் ஆண்டில் ஜேம்ஸ் வாட் தம் நீராவி இயந்திரத்தில் இரண்டு உலோகக் குண்டுகளைச் சுழல வைத்தார். வேகம் கூடினால் குண்டுகள் விலகி எழும். நீராவி வரும் வழி குறுகும். வேகம் குறைந்தால் குண்டுகள் தாழும். வழி மீண்டும் திறக்கும். எத்துணை எளிய ஏற்பாடு!

அமெரிக்கப் பொறியாளர் ரால்ஃப் டீட்டர் ஐந்து வயதிலேயே பார்வையை இழந்தவர். கார் சீராகச் செல்லாமல் விட்டு விட்டு இழுப்பதை அவர் உடலால் உணர்ந்தார். ஒரே வேகத்தில் காரை ஓடச் செய்யும் கருவி ஒன்றை அமைத்து, 1950இல் காப்புரிமை பெற்றார். 1958இல் அது கிறைஸ்லர் கார்களில் இடம் பெற்றது. அதுவே இன்றைய குரூஸ் கண்ட்ரோல். கண் இருந்தும் நாம் காணாததை, கண் இழந்த ஒருவர் கண்டாரன்றோ!

குரூஸ் கண்ட்ரோல் வேகத்தை நிலைநிறுத்தும். ஸ்பீடு கவர்னர் வேகத்துக்கு எல்லை கட்டும். இரண்டும் ஒரு குடும்பமே. “வண்டி இப்போது என்ன வேகத்தில் போகிறது?” என்ற செய்தி தவறாமல் வந்து சேர்ந்தால்தான் இரண்டும் ஒழுங்காக வேலை செய்யும்.

நம் நாட்டில் 2015 ஏப்ரலில் நடுவண் அரசு ஓர் அறிவிக்கை வெளியிட்டது. அதன்படி, அவ்வாண்டு அக்டோபர் 1 முதல் தயாராகும் லாரி போன்ற வாகனங்கள் மணிக்கு 80 கிலோமீட்டரைத் தாண்டாதபடி இக்கருவியுடன் வரவேண்டும். பழைய வண்டிகளிலும் இதனைப் பொருத்தச் செய்யும் பொறுப்பு மாநில அரசுகளிடம் விடப்பட்டது. இதன் காரணத்தை நம் அறிவியல் பாடமே சொல்லும். வேகம் இருமடங்கானால் இயக்க ஆற்றல் நான்கு மடங்காகும். 80 கிலோமீட்டர் வேகத்தில் வரும் லாரியை நிறுத்த, 40இல் வரும்போது தேவைப்படுவதைப் போல் நான்கு மடங்கு ஆற்றலை பிரேக் தாங்க வேண்டும். மூட்டை ஏற்றிய லாரி என்றால் கேட்கவும் வேண்டுமா?

எங்கள் அப்பா தூத்துக்குடியிலிருந்து உப்பு மூட்டைகளை ஏற்றி, எட்டயபுரம், அருப்புக்கோட்டை, காரியாபட்டி வழியாக மதுரைக்குக் கொண்டு வருவார். லாரிக்கு வயதாகிவிட்டது. ஒரு மாதமாக அது ஒரு புது நோயால் துன்புற்றது. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே, யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுத்தாற்போல் இழுவை விட்டுவிடும். சற்று நேரத்தில் தானாகவே பாயும். ஓர் இரவு, நெருங்கிப் பின்தொடர்ந்த வண்டி ஒன்று மயிரிழையில் விலகிச் சென்றதாம். அதைக் கேட்டபின் அம்மா, அப்பா வீடு வந்து சேரும்வரை உறங்குவதில்லை. சரக்கு தாமதமானால் வாடகை குறையும். வாடகை குறைந்தால் லாரிக் கடனின் தவணை நிற்கும்.

சாலையோர மெக்கானிக் ஒருவர் உடனே வழி சொன்னார். “கவர்னரை விட்டுட்டு டீசல் நேராப் போற மாதிரி குழாயை மாத்திடுறேன் அண்ணே. அப்புறம் வண்டி பறக்கும்.” அதற்கு அப்பா, “எண்பதுக்கு மேல போக எனக்கு ஆசையில்லை தம்பி. நாப்பதுல ஏன் நிக்குதுன்னுதான் தெரியணும்” என்றார். கருவியை நீக்குவது சட்ட விரோதம். அதனினும் பெரிது, நோய் இன்னதென்று அறியாமல் உறுப்பை அகற்றுவது அறிவாகுமா?

பள்ளி விடுமுறையில் பனிமய மாதா பேராலயத்தைத் தரிசிக்க அப்பாவுடன் லாரியிலேயே தூத்துக்குடி சென்றோம். திரும்பும்போது அப்பா, “தாயி, எந்த இடத்துல, எந்த வேகத்துல இழுவை விடுதுன்னு நோட்டுல எழுதுங்க” என்றார். ஒருவர் வேகமானியைப் பார்க்க, ஒருவர் எழுத, வீடு வருவதற்குள் ஒன்பது முறை குறித்துவிட்டோம்.

அன்றிரவு மூவரும் நோட்டை ஆராய்ந்தோம். கவர்னர் தன் கடமையைச் செய்து தடுத்திருந்தால், எப்போதும் ஒரே வேகத்தில் தடுத்திருக்கும். ஆனால் 32, 41, 55 என்று வேகங்கள் வெவ்வேறாக இருந்தன. டீசல் பில்டர் அடைத்திருந்தால், பாரத்துடன் மேம்பாலம் ஏறும்போது அல்லவா திணறியிருக்கும்? மேம்பாலங்களில் ஒரு முறைகூட அது நிகழவில்லை. ஒன்பதில் ஆறு முறை, பள்ளத்திலோ வேகத்தடையிலோ வண்டி குலுங்கியபோது நிகழ்ந்திருந்தது. அவ்வேளைகளில் வேகமானியின் முள்ளும் சுழியத்துக்கு விழுந்தது! எங்கள் லாரியில் வேகமானிக்கும் கவர்னருக்கும் கியர்பாக்ஸில் உள்ள ஒரே சென்சாரிலிருந்துதான் செய்தி செல்கிறது. செய்தி அறுந்தால் டீசலைக் குறைத்துவிடும் வகை அந்தக் கருவி. ஆகவே கருவியில் குற்றமில்லை. செய்தி வரும் வழியில்தான் குற்றம் என்று துணிந்தோம்.

மறுநாள் எங்கள் தெருவின் மூத்த மெக்கானிக் மாமா லாரியின் அடியில் படுத்து, மல்டிமீட்டரை வைத்து வயரை ஆட்டினார். ஆட்டும்போதெல்லாம் தொடர்பு விட்டுப் போயிற்று. இணைப்பு முனையில் செம்பு பச்சை பூத்திருந்தது. உப்பு மூட்டைகளிலிருந்து கசிந்த நீர் சொட்டிச் சொட்டி அதை அரித்திருந்தது. எங்களுக்குச் சோறு போடும் உப்பே லாரியின் நரம்பைத் தின்றிருந்தது!

கருவியின் வயர்களில் முத்திரை இருப்பதால் மாமா அதைத் தொடவில்லை. அங்கீகாரம் பெற்ற நிலையத்தில் புது வயரும் புது இணைப்பும் இட்டு, நீர் சொட்டாத பக்கமாகக் கட்டி, மறுபடி முத்திரை வைத்தார்கள். பெருங்குடியிலிருந்து வலையங்குளம் வரை ஓட்டிப் பார்த்தார் அப்பா. முள் ஒரே சீராக ஏறி, 80ஐத் தொட்டதும் அமைதியாக நின்றது.

இப்போது உப்பு இறக்கிய ஒவ்வொரு முறையும் லாரியின் அடிப்பாகத்தை நல்ல தண்ணீரால் கழுவுவது எங்கள் வீட்டு வழக்கமாகிவிட்டது. தோழியரே! தடை செய்வது போல் தோன்றும் யாவும் நமக்குப் பகையல்ல. தடை வந்தால் அதை அறுத்தெறியும் முன், ஏன் வந்தது என்று ஒரு நோட்டும் பென்சிலும் கொண்டு பொறுமையாகத் தேடுவோம். அம்மா இப்போது இரவில் ஜெபமாலை முடித்தவுடன் உறங்கிவிடுகிறார்.