சைட்டில் ஒரு ஸ்க்ரூ

தலைப்பைப் பார்த்துவிட்டு ஏதோ இணையதள சமாச்சாரம் என்று வந்தவர்கள் மன்னிக்கவும். இது துப்பாக்கி சைட். :)

பி.காம் மூன்றாம் வருஷம் படிக்கிற எனக்கு துப்பாக்கியோடு என்ன வேலை என்று கேட்காத சொந்தக்காரர்களே இல்லை. காலையில் ஆறு மணிக்கு கிளப்புக்குப் போய் 10 மீட்டர் ஏர் ரைஃபிள் சுடுகிறேன். துப்பாக்கி கிளப்புடையது. நான் சுட்டு முடித்ததும் அதே துப்பாக்கியில் ஒரு ஜூனியர் பெண் சுடுவாள்.

தெரியாதவர்களுக்குச் சின்ன அறிமுகம். டார்கெட் அட்டையில் இருக்கும் கறுப்பு வட்டம் 30.5 மில்லிமீட்டர். நடுவில் பத்து மார்க் புள்ளி வெறும் 0.5 மில்லிமீட்டர். பெல்லட் 4.5 மில்லிமீட்டர் என்பதால், அது புள்ளியைத் தொட்டாலே பத்து. அங்கிருந்து 2.5 மில்லிமீட்டர் தள்ளிப் போகப் போக ஒவ்வொரு மார்க்காகக் குறையும். கண்ணுக்குப் பக்கத்தில் ஓட்டை வைத்த பின் சைட், குழல் நுனியில் வளையம் வைத்த முன் சைட். இரண்டையும் கறுப்பு வட்டத்தையும் ஒரே நேர்கோட்டில் கொண்டுவந்து ட்ரிக்கரை அமுக்க வேண்டும். அவ்வளவுதான். (சொல்வது சுலபம்!)

வெளியூரில் ஒரு போட்டிக்குப் போய் வந்த பிறகு என் ஸ்கோர் திடீரென்று விழுந்தது. 60 குண்டுக்கு 570 தாண்டிக்கொண்டிருந்தவன் 550 தொடவே தடுமாறினேன். ஒரு பெல்லட் வலது பக்கம் போகும், சைட்டை இடது பக்கம் திருப்புவேன். அடுத்தது இடது பக்கம் போகும், மறுபடி வலது பக்கம் திருப்புவேன். பெல்லட் கம்பெனியை மாற்றினேன், குழலைச் சுத்தம் செய்தேன், தோள் பட்டையை இறக்கினேன். எல்லாம் ஒரே நாளில்! எது உதவியது, எது கெடுத்தது என்று கடவுளுக்கே தெரியாது.

அக்கவுண்ட்ஸ் படிப்பவன் இதைச் செய்திருக்கவே கூடாது. ட்ரயல் பேலன்ஸ் இடிக்கிறது என்றால் கண்ட இடத்தில் பத்து ரூபாயைக் கூட்டிக் குறைத்து டேலி பண்ணுவோமா? ஐந்து பெல்லட்டும் ஒரே இடத்தில் கூடி, அந்த இடம் மட்டும் நடுவிலிருந்து தள்ளியிருந்தால் சைட்டைத் திருப்பலாம். சிதறிப் போனால் திருப்பிப் பிரயோஜனம் இல்லை. எங்கேயோ ஏதோ ஆடுகிறது என்று அர்த்தம். ஒவ்வொன்றாகத்தான் தேட வேண்டும்.

நான் தேடவில்லை. சாரிடம் போய், "சார், அந்தப் பொண்ணு எங்கேயோ கீழ போட்டிருப்பா சார்" என்றேன். பார்த்தேனா? இல்லை. சும்மா சொன்னேன். அவர் அவளைப் பழைய ஸ்பிரிங் துப்பாக்கிக்கு மாற்றிவிட்டார். எட்டாம் நாள் பல்கலைக்கழக டீமுக்குப் பெண்கள் தேர்வு. நாலு மார்க்கில் அவளுக்கு இடம் போனது.

அதற்கும் இரண்டு நாள் கழித்து சார் கேட்டார்: "இப்போ அந்தப் பொண்ணு தொடறதே இல்லையே. இன்னும் ஏன்டா இப்படிச் சுடுற?"

பதில் இல்லை. பின் சைட்டைக் கழற்றி வைத்துவிட்டு, துப்பாக்கியைத் துணி சுற்றி வைஸில் இறுக்கி, ஐந்து பெல்லட் சுட்டார். ஐந்தும் ஒரே ஓட்டை! குழல், பெல்லட், காற்று எல்லாம் நிரபராதி. "மிச்சம் ரெண்டுதான். சைட், இல்லைன்னா நீ" என்றார். என்னிடமே கொடுத்து, "எப்பவும் மாட்டற மாதிரி மாட்டு" என்றார். மாட்டினேன். இரண்டு விரலால் அதைப் பிடித்து லேசாக அழுத்தினார். ஆடியது.

வெளியூர் போகும்போது பெட்டியில் அடங்கவில்லை என்று பின் சைட்டைக் கழற்றியது நான். திரும்ப மாட்டியதும் நான். ஸ்க்ரூவை ஆலன் கீ போட்டு இறுக்காமல் விரலால் திருகி விட்டதும் நானேதான்.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். இரண்டு சைட்டுக்கும் நடுவில் சுமார் 80 சென்டிமீட்டர். பின் சைட் ஒரு தலைமுடி அளவு, 0.1 மில்லிமீட்டர் நகர்ந்தால், 10 மீட்டரில் பெல்லட் 1.25 மில்லிமீட்டர் தள்ளிப் போகும். அரை மார்க் தூரம்!

2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் அபினவ் பிந்த்ராவுக்கும் சைட்டில்தான் சிக்கல் வந்தது. இறுதிச் சுற்றுக்கு முன் சுட்ட சோதனைக் குண்டு எங்கேயோ போனது. இருந்த சில நிமிடத்தில் முதலில் சைட்டைச் சரிசெய்தார். யார் தொட்டது என்ற சந்தேகமெல்லாம் பிறகுதான். கடைசிக் குண்டில் 10.8 எடுத்து, இந்தியாவுக்கு முதல் தனிநபர் தங்கம். நான் நேர் தலைகீழ். முதலில் ஆளைப் பிடித்தேன், ஸ்க்ரூவை அப்புறம்தான் பார்த்தேன்.

சாரிடம் உண்மையைச் சொன்னேன். திட்டவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. அடுத்த வாரம் ஆண்கள் தேர்வு. இறுக்கிய சைட்டோடு போனேன், இடம் கிடைத்தது. வீட்டில் அம்மா கேசரி செய்தார். பாதிக்கு மேல் இறங்கவில்லை.

அவளிடமும் மன்னிப்புக் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னாள்:

"நீங்க ஊர்லேர்ந்து வந்த அன்னைலேர்ந்து எனக்கும் ஸ்கோர் இறங்குச்சுண்ணா. நான் என் மேலதான் தப்புன்னு நினைச்சேன். ஒரு வார்த்தை என்கிட்ட கேட்டிருக்கலாம்ல?"

கேட்டிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். ஒரே துப்பாக்கி, இரண்டு பேர், இரண்டு பேருக்கும் ஒரே நாளிலிருந்து சரிவு. இதைவிடத் தெளிவான தடயம் வேறு என்ன வேண்டும்?

துப்பாக்கி வைத்திருக்கும் நண்பர்களுக்கு: குண்டு சிதறினால் முதலில் எல்லா ஸ்க்ரூவையும் பாருங்கள். அப்புறம் வைஸ். அப்புறம் பெல்லட், குழல். ஒரு தடவைக்கு ஒரு மாற்றம்தான். அடுத்தவரைச் சந்தேகப்படும் முன்னால், கடைசியாக யார் கை வைத்தது என்று யோசித்துப் பாருங்கள்.

இப்போது ஆலன் கீ என் பையிலேயே இருக்கிறது. அடுத்த வருஷத் தேர்வு வரை காலையில் ஆறு மணிக்கு அவள் சுடுகிறாள். நான் ஏழரைக்கு.