துருவுக்குப் போனது போக

ஏப்ரல் 8, சனி

கிளீவ்லண்டுக்குத் தெற்கே ஒரு பண்ணைக் கொட்டகையில் அந்த டாட்சன் 240 இசட்டைப் பார்த்தேன். 1972ஆம் வருடத்து வண்டி. ஒரு காலத்தில் ஆரஞ்சு நிறம். டயர்களில் காற்றில்லை, நீளமான பானெட் முழுக்க வைக்கோல் தூசி. புதுப்பித்து ஓட்டலாம் என்றுதான் பண்ணைக்காரர் வாங்கினாராம். இப்போது பண்ணையையே விற்கிறார். “ஓட்டவா, உடைக்கவா?” என்று கேட்டார். பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன்.

அதைத் தீர்மானிக்க ஒரு ஸ்க்ரூடிரைவரும் சின்னச் சுத்தியலும் போதும். இந்த வண்டிக்குத் தனியாகச் சேஸிஸ் கிடையாது. உடம்பேதான் எலும்பு. ஆகவே எவ்வளவு துரு என்பதைவிட எங்கே துரு என்பதுதான் கேள்வி. மட்கார்டின் கீழ்முனை, கதவின் அடிப்பகுதி, பின்சக்கர வளைவு இவையெல்லாம் பார்க்கத்தான் கோரம். தரைத்தகட்டைக்கூடப் புதிதாக வாங்கி வெல்டு வைக்கலாம். முன்பக்கத்திலிருந்து தரைக்கு அடியில் ஓடும் பெட்டிச் சட்டங்களும், கதவுக்குக் கீழே இருக்கும் ராக்கர் பெட்டிகளும் போனால் கதை வேறு.

பேட்டரி தாங்கி இருந்த இடத்தில் ஓட்டைதான் இருந்தது. அமிலம் சொட்டிச் சொட்டி அதற்குக் கீழே இருக்கும் சட்டத்தையும் தின்றிருக்கிறது. ஸ்க்ரூடிரைவர் பிடிவரை உள்ளே போயிற்று. ராக்கரைச் சுத்தியலால் தட்டினால் பட்டி உதிர்ந்தது. உள்ளே கறுத்த இலைமக்கு. கடைசியாக நடுவில் ஜாக்கி வைத்துத் தூக்கினேன். கதவின் இடைவெளி மாறி, கதவு திறக்க மறுத்தது. உடம்பு நடுவில் மடிகிறது என்று அர்த்தம். உடைக்கத்தான் என்று அவரிடம் சொல்லி, ஒவ்வொரு இடத்தையும் காட்டினேன். 3,000 டாலருக்கு முடிந்தது. பத்திரத்தில் இருந்த எண், டேஷ்போர்டுத் தகட்டு எண், ஃபயர்வாலில் அடித்திருந்த எண் மூன்றும் ஒன்றுதான் என்று பார்த்த பிறகே பணம் கொடுத்தேன்.

ஏப்ரல் 9, ஞாயிறு

வண்டி வாசலில் நிற்கிறது. பக்கத்து வீட்டுப் பெரியவர் வந்து சுற்றிப் பார்த்தார். டூல் அண்டு டை பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒன்றும் சொல்லாமல் கூரையின் வளைவைக் கையால் தடவிவிட்டுப் போனார்.

அந்த வளைவுக்கு அப்படி ஒரு ஈர்ப்பு. 1969இல் ஜப்பானில் இந்த வண்டி ஃபேர்லேடி இசட் என்ற பெயரில் வந்தது. டாட்சனைத் தயாரித்த நிஸானை அமெரிக்காவில் வளர்த்த யுடாகா கதாயாமாவுக்கு அந்தப் பெயர் பிடிக்கவில்லை. இங்கே இது 240 இசட் ஆனது அவரால்தான். அவர் 2015இல் 105 வயதில் மறைந்தார். இசட்காரர்களுக்கு அவர் இன்றும் ‘மிஸ்டர் கே’. ஆறு சிலிண்டர், 2,393 சிசி, தலைக்கு மேல் கேம்ஷாஃப்ட், நான்கு சக்கரத்துக்கும் தனித்தனி சஸ்பென்ஷன். இத்தனையும் 3,526 டாலருக்கு. சாதாரணச் சம்பளக்காரர் வாங்கக்கூடிய விலையில் இப்படி ஒரு ஸ்போர்ட்ஸ் கார் அதற்குமுன் அமெரிக்கச் சாலையில் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

உறுதியும் குறைவில்லை. கிழக்கு ஆப்பிரிக்க சஃபாரி ராலியை இது 1971இல் ஜெயித்தது. 1973இல் மறுபடியும் ஜெயித்தபோது ஓட்டியவர் ஷேகர் மேத்தா, உகாண்டாவில் பிறந்த இந்திய வம்சாவளிக்காரர். கல்லும் சேறும் புழுதியுமான அந்த ஆயிரக்கணக்கான கிலோமீட்டர்களைத் தாங்கிய வண்டியை ஓஹியோவின் குளிர்காலம் தீர்த்துக்கட்டியிருக்கிறது.

ஏப்ரல் 15, சனி

மட்கார்டுகளைக் கழற்றினேன். துரு எப்படி வேலை செய்திருக்கிறது என்பது இப்போதுதான் முழுதாகத் தெரிகிறது. கண்ணாடிக்கு முன்னால் இருக்கும் காற்றுத் துளைகளில் விழும் மழைநீர், மட்கார்டுக்குப் பின்புறமாகக் கீழே வடிய வேண்டும். அங்கே இலையும் மண்ணும் சேர்ந்து அடைத்துக்கொண்டன. அந்த ஈரம் ராக்கர் பெட்டியின் முன்முனையிலேயே தங்கிவிட்டது. வெளியே பளபளப்பாக இருக்கும்போதே உள்ளே அரிப்பு தொடங்கியிருக்கும்.

அதோடு உப்பு. பனி உறையாமல் இருக்கச் சாலையில் கொட்டுகிறார்கள். உப்புநீரில் மின்சாரம் எளிதாகப் பாயும், அதனால் துருவின் வேகம் கூடும். இரண்டு தகடுகள் சேரும் மடிப்புக்குள் ஒருமுறை புகுந்தால் கழுவினாலும் முழுதாகப் போகாது. இந்த ஊர்ச் சாலைக்கு உப்பு தூரத்திலிருந்து வரவேண்டியதில்லை. ஈரி ஏரிக்கு அடியிலேயே, சுமார் 1,800 அடி ஆழத்தில் சுரங்கம் இருக்கிறது. உப்பு இல்லாமல் இங்கே ஜனவரியில் ஆம்புலன்ஸ் போகாது, பள்ளிப் பேருந்து போகாது. அதன்மேல் எனக்குக் கோபமில்லை. குளிர்காலத்தில் இந்த மாதிரி வண்டியை வெளியே எடுப்பவர்கள்மேல்தான் வருத்தம்.

ஏப்ரல் 29, சனி

பழைய வண்டியை உடைப்பது பாவம் என்று நண்பர் ஒருவர் தொலைபேசியில் சண்டை பிடித்தார். எனக்கு உடன்பாடில்லை. 2020இல் ஒரு 1971 மாடல் 240 இசட் ஏலத்தில் 3,10,000 டாலருக்குப் போனது. ஓட்டம் குறைந்த, அபூர்வமாகப் பாதுகாக்கப்பட்ட வண்டி அது. அந்த விலையைக் கேள்விப்பட்டு, சட்டம் அழுகிய உடம்புகளுக்கெல்லாம் பட்டி பூசி, கறுப்புப் பூச்சு அடித்து விற்கிறார்கள். வாங்குபவர் குழந்தையைப் பக்கத்தில் உட்காரவைத்து நெடுஞ்சாலையில் போவார். மோதினால் நெரிவதற்குக்கூட அங்கே இரும்பு இருக்காது. பாவம் என்றால் அதுதான். தாங்காத உடம்பைப் பிரித்து, தாங்கும் உடம்புகளுக்குக் கொடுப்பதில் ஒரு பாவமும் இல்லை.

எல்24 என்ஜின் இறுகிக் கிடந்தது. பிளக் துளைகள் வழியே எண்ணெய் விட்டு வைத்திருந்தேன். இன்று கிராங்க் போல்ட்டில் சாக்கெட் போட்டு மெல்ல முன்னும் பின்னும் அசைத்ததில் சுற்றிவிட்டது. பிளாக்கின் வலது பக்கத்தில் இருக்கும் என்ஜின் எண்ணும் பானெட்டுக்குக் கீழே இருக்கும் தகட்டிலுள்ள எண்ணும் ஒன்று. பிறந்த நாளிலிருந்து இந்த வண்டியிலேயே இருந்த என்ஜின். வாங்குபவருக்கு இந்த விவரத்தை எழுதிக் கொடுப்பேன்.

கழற்றும் ஒவ்வொரு போல்ட்டும் தனிப் பையில் போகிறது. எங்கிருந்து வந்தது, எந்தப் பக்கம் என்று சீட்டு. பொருள் அடையாளம் தெரியாமல் போனால் அது வெறும் இரும்பு, கிலோ கணக்குதான்.

மே 13, சனி

நாள் முழுக்க ஸ்பிண்டில் பின். இசட் வைத்திருப்பவர்கள் இந்தப் பெயரைக் கேட்டாலே முகம் சுளிப்பார்கள்.

ஒவ்வொரு பின்சக்கரத்தின் அடியிலும், சஸ்பென்ஷன் கையையும் சக்கரக் கூட்டையும் கோத்தபடி ஒரு நீண்ட எஃகுக் கம்பி ஓடுகிறது. நடுவில் சரிவாகச் சீவிய சின்னப் பூட்டு ஆணி அதை நகரவிடாமல் பிடிக்கிறது. ஐம்பது வருடத் துருவில் கம்பியும் கூடும் ஒன்றாகிவிடும். அவசரத்தில் சுத்தியலால் அடித்தால் முனை விரிந்து பூப்போல மலரும். அதன்பிறகு அந்தத் துளை வழியே அது வரவே வராது.

பெரியவர் தன் லேத்தில் இதற்காகவே ஓர் இழுப்பான் கடைந்து கொண்டுவந்தார். கம்பியின் இழையில் பூட்டுகிற கட்டை, தடித்த குழாய், நீளமான திருகு. “இழு, அடிக்காதே. இரும்புக்கு நேரம் கொடு” என்றார். எண்ணெய் ஊறவிட்டு, டார்ச்சால் கூட்டைச் சூடாக்கி, திருகை இறுக்கி, காத்திருந்தோம். திரும்ப இறுக்கினோம். இடது பக்கம் மதியத்துக்குப் பிறகு ‘டங்’ என்ற சத்தத்தோடு விட்டது. துப்பாக்கி வெடித்ததுபோல் என் கொட்டகையே அதிர்ந்தது. அப்புறம் அங்குலம் அங்குலமாக முழுக் கம்பியும் இழையோடு வெளியே வந்தது.

வலது பக்கம் வரவில்லை. இருட்டும் வரை முயன்று பார்த்துவிட்டு, கைக்கும் கூட்டுக்கும் நடுவே ரம்பத்தை விட்டுக் கம்பியை அறுத்தோம். கம்பி புதிதாகக் கிடைக்கும். சஸ்பென்ஷன் கை அப்படிக் கிடைக்காது, அதனால் அது பிழைத்ததே போதும். இழுப்பானை என்னிடமே வைத்துக்கொள்ளச் சொன்னார். இனி இந்த வட்டாரத்தில் யாருக்குத் தேவைப்பட்டாலும் கொண்டுபோய்க் கொடுப்பேன்.

மே 20, சனி

பிட்ஸ்பர்க்கிலிருந்து ஒரு பள்ளி ஆசிரியை கார்பரேட்டருக்காக வந்தார். அவரிடம் இருப்பது 1973 மாடல். அந்த வருடம் புகைக் கட்டுப்பாட்டுக்காகத் தட்டையான தலையுள்ள கார்பரேட்டர்களைப் போட்டார்கள். வெயில் நேரத்தில் பெட்ரோல் சூடேறி ஆவியாகி என்ஜின் திணறும். இந்த வண்டியில் இருப்பது அதற்கு முந்தைய, குவிந்த தலையுள்ள ஹிட்டாச்சி ஜோடி. 1973 வைத்திருக்கும் பலர் இதைத்தான் தேடுகிறார்கள்.

மேனிஃபோல்டு, இணைப்புக் கம்பிகள், வெப்பத் தடுப்புத் தகடு, காற்று வடிகட்டிப் பெட்டி எல்லாவற்றையும் ஒன்றாகவே கொடுத்தேன். பிரித்து விற்றால் பணம் கூடும். ஆனால் இவை ஒன்றாகப் பழகியவை. ஒன்று குறைந்தால் அவர் இன்னொரு வருடம் அலைவார். முன் கார்பரேட்டரின் திராட்டில் தண்டு லேசாக ஆடுகிறது, அந்த வழியாகக் காற்று புகும் என்று காட்டி, அதற்கான பணத்தைக் குறைத்துக்கொண்டேன். அவர் குனிந்து தானே அசைத்துப் பார்த்து, புஷ் மாற்றும் பட்டறை எது என்று விசாரித்தார். வேலை தெரிந்த கை. நல்ல இடத்துக்குத்தான் போகிறது.

ஜூன் 3, சனி

இன்று வந்த அழைப்பு மனத்தைக் கலக்கிவிட்டது. பேசியவருக்கு என்ஜினும் வேண்டாம், கதவும் வேண்டாம். டேஷ்போர்டிலிருக்கும் எண் தகடும் பத்திரமும் மட்டும் போதும். தன்னிடம் துருவில்லாத உடம்பு ஒன்று இருக்கிறது, காகிதம்தான் இல்லை என்றார். முழு வண்டிக்கு நான் கொடுத்ததைவிட அதிகம் தருவதாகவும் சொன்னார்.

மறுத்துவிட்டேன். எண் தகட்டைக் கழற்றுவது அமெரிக்காவில் 1984 முதல் கூட்டாட்சிக் குற்றம். சட்டம் ஒருபக்கம் இருக்கட்டும். காகிதமில்லாத உடம்பு எங்கிருந்து வந்தது? யாரோ ஒருவருடைய வாசலிலிருந்து இரவில் கிளம்பியதாக இருக்கலாம். அப்படி இல்லாவிட்டாலும், எச்எல்எஸ்30 என்று தொடங்கும் ஒவ்வொரு எண்ணும் ஒரு வண்டியின் பெயர். இந்த வண்டி முடிந்துவிட்டது. அதன் பெயரை இன்னொன்றுக்குச் சூட்டினால், இருபது வருடம் கழித்து வாங்குகிறவர் ஒரு பொய்யைத்தான் வாங்குவார். உதிரி விற்பவனிடம் நேர்மை இல்லையென்றால் இந்தப் பழைய வண்டிகளின் வரலாற்றில் எதையும் நம்ப முடியாது.

ஜூன் 17, சனி

பின்பக்கத்தில் வலது தூண் மட்டும் நல்ல தகடு. விபத்தில் அடிபட்ட வண்டியைச் சரிசெய்யும் ஒருவர் அதைக் கேட்டார். கிரைண்டர் வைத்து வெட்டாமல், ஸ்பாட் வெல்டு ஒவ்வொன்றையும் டிரில் போட்டு எடுத்தோம். தொழிற்சாலையில் சேர்த்த விளிம்பு அப்படியே இருந்தால்தான் அவரால் மறுபடி சேர்க்க முடியும்.

மீதி உடம்பு காயலாங்கடைக்குப் போயிற்று. வெயிலில் வெடித்த டேஷ்போர்டும் அதன்மேலிருக்கும் எண் தகடும் அதோடுதான் போயின. பத்திரத்தையும் அங்கேயே ஒப்படைத்தேன்.

கொட்டகையில் ஆர்180 டிஃபரன்ஷியல் மட்டும் மிச்சம். டெக்சஸில் டாட்சன் 510 வைத்திருக்கும் ஒருவர் கேட்டிருக்கிறார். பல் விகிதம் 3.36தானா என்று நிச்சயமாகத் தெரிய வேண்டுமாம். நாளை மூடியைத் திறந்து, பற்களை எண்ணிப் படம் எடுத்து அனுப்பிவிட்டு, மரப்பெட்டிக்குப் பலகை வாங்கப் போக வேண்டும்.