தேங்காய்ப்பாலும் இராத்திரி மாத்திரையும்

கொலஸ்ட்ரோலுக்கு வலி கிடையாது, பிள்ளைகளே. பல் வலித்தால் இராத்திரி என்றும் பார்க்காமல் ஓடுகிறோம். காய்ச்சல் என்றால் பனடோல் வாங்குகிறோம். இது மட்டும் எந்த அறிகுறியும் காட்டாமல் இருபது முப்பது வருடம் இரத்தக்குழாயின் உட்சுவரில் படிந்துகொண்டே இருக்கும். நெஞ்சு வலிக்கிற அன்றைக்குத்தான் நமக்குச் சேதி தெரியும். சிலருக்கு அப்படி ஒரு நாள்கூட வாய்ப்பதில்லை.

கொட்டாஞ்சேனையில் பாமசிக் கவுண்டருக்குப் பின்னால் நின்றே தலை நரைத்தவன் நான். இப்போது மட்டக்குளியில் வீட்டோடு இருக்கிறேன். அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் ரிப்போட்டைத் தூக்கிக்கொண்டு, "அங்கிள், இதக் கொஞ்சம் பாருங்க" என்று வருவார்கள். நான் டொக்டர் இல்லை; மருந்து எழுதுவதும் என் வேலை இல்லை. ஆனால் ஒரு மாத்திரை வாங்க வருகிறவன் என்னென்ன கதை சொல்வான் என்பது எனக்குத் தெரியும்.

எங்கள் லேனில் ஒரு தம்பி. இருபத்தெட்டு வயது, மெலிந்த உடம்பு, பின்னேரம் காக்கைதீவுக் கடற்கரையில் பந்தடிக்கிறவன். கட்டாருக்கு வேலைக்குப் போக மெடிக்கல் எடுத்தபோது இரத்தத்தையும் சோதித்திருக்கிறான். தாளை விரித்தால், மொத்தக் கொலஸ்ட்ரோல் 290, கெட்ட கொலஸ்ட்ரோல் என்கிற எல்.டி.எல். 212, நல்லது என்கிற எச்.டி.எல். 44, ட்ரைகிளிசரைட் என்ற கொழுப்பு 170.

"மெசின் பிழையா இருக்குமா அங்கிள்? நான் இறைச்சியே பெரிசா சாப்பிடுறதில்ல."

"அப்பாவுக்கு என்ன நடந்தது?"

"நாப்பத்திநாலுல நெஞ்சுவலி. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறதுக்குள்ள முடிஞ்சிட்டு."

"சித்தப்பா?"

தம்பி பேசவில்லை. குதிகாலுக்கு மேலே இருக்கிற தசைநாணைத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். இரண்டு பக்கமும் தடித்துக் கிடந்தது. அந்தக் கிழமையே கொழும்பு பெரியாஸ்பத்திரிக் கிளினிக்குக்கு அனுப்பிவைத்தேன்.

இது சாப்பாட்டால் வந்தது இல்லை, பரம்பரை; தசைநாண் தடித்திருப்பது அதன் ஓர் அடையாளம். உலகத்தில் ஏறக்குறைய 250 முதல் 300 பேருக்கு ஒருவர் இந்தக் குறையோடு பிறக்கிறார்கள். இரத்தத்தில் ஓடும் எல்.டி.எல். துணிக்கைகளை ஈரல் பிடித்து உள்ளே இழுத்துக்கொள்ள வேண்டும். அதற்கென்று ஈரல் கலங்களின் மேல் ஏற்பிகள் இருக்கின்றன. இதைக் கண்டுபிடித்ததற்குத்தான் அமெரிக்கர்களான மைக்கல் பிரவுனுக்கும் ஜோசப் கோல்ட்ஸ்டைனுக்கும் 1985இல் நோபல் பரிசு கிடைத்தது. வள்ளத்தைக் கரைக்கு இழுக்க ஆள் போதாவிட்டால் அது தண்ணீரிலேயே கிடக்கும் அல்லவா? ஏற்பி குறைந்து பிறந்தவர்களின் எல்.டி.எல்.லும் அப்படி இரத்தத்திலேயே தங்கிவிடுகிறது. எல்.டி.எல். 190க்கு மேலே என்றால் பரம்பரையைச் சந்தேகிக்க வேண்டும். மெலிந்தவனா, பருத்தவனா என்று அது பார்ப்பதில்லை.

மற்றவர்களின் கதைக்கு வருகிறேன். கொலஸ்ட்ரோல் ஒரு நஞ்சு என்று நினைத்துப் பயப்படாதீர்கள். உடம்பின் ஒவ்வொரு கலத்தின் மென்சவ்விலும் அது இருக்கிறது. பித்தநீர், ஆண் பெண் ஹோர்மோன்கள், வெயில் பட்டுத் தோலில் ஊறும் விற்றமின் டி எல்லாவற்றுக்கும் அதுதான் மூலப்பொருள். நமக்குத் தேவையானதில் பெரும்பங்கை உடம்பே செய்துகொள்கிறது, முக்கியமாக ஈரல். அதனால்தான் முட்டை மஞ்சட்கருவைக் கண்டு நடுங்கிய காலம் போய்விட்டது. ஒரு முட்டையில் கிட்டத்தட்ட 190 மில்லிகிராம் கொலஸ்ட்ரோல் உண்டு. நாளுக்கு 300 மில்லிகிராம் தாண்டக்கூடாது என்று வைத்திருந்த எல்லையை அமெரிக்கர்கள் 2015ஆம் ஆண்டு உணவு வழிகாட்டியில் எடுத்துவிட்டார்கள். இறாலிலும் கணவாயிலும் கொலஸ்ட்ரோல் இருக்கிறது, ஆனால் நிரம்பிய கொழுப்புக் குறைவு. எல்.டி.எல்.லை ஏற்றுவதில் சாப்பாட்டுக் கொலஸ்ட்ரோலைவிட நிரம்பிய கொழுப்புக்கே கை நீளம். ஆகவே இறால் குழம்பில் இறாலை எண்ணாதீர்கள். எவ்வளவு எண்ணெயில், எவ்வளவு பாலில் வைத்தீர்கள் என்று கேளுங்கள்.

பால் என்றதும் தேங்காய் வந்துவிடும். இந்த ஊரில் தேங்காயைப் பற்றி நியாயமாகப் பேச முடியாது. ஒரு கூட்டம் அதை அமிர்தம் என்கிறது, மறு கூட்டம் கொலைகாரன் என்கிறது. இரண்டு பேரும் பாமசிக்கு வருவார்கள். ஹல்ஸ்டோர்ப்பில் எண்ணெய் ஆலை, கிராண்ட்பாஸில் லீவர் சவர்க்காரத் தொழிற்சாலை என்று தேங்காயெண்ணெயோடு வளர்ந்த கொழும்பில் யார்தான் தேங்காயை விட்டுக்கொடுப்பார்கள்?

கணக்கு மட்டும் சொல்கிறேன். தேங்காயெண்ணெயில் பத்தில் ஒன்பது பங்கு நிரம்பிய கொழுப்பு. ஒரு மேசைக்கரண்டியில் ஏறக்குறைய 12 கிராம். நாளொன்றின் சக்தியில் பத்து சதவீதத்துக்கு மேல் நிரம்பிய கொழுப்பிலிருந்து வரக்கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். 2,000 கலோரி சாப்பிடும் ஆளுக்கு அது 22 கிராம். இரண்டு கரண்டியோடு அன்றைய பங்கு முடிந்துவிடும், சம்பலும் சொதியும் இன்னும் இலைக்கு வரவில்லை. மற்றத் தாவர எண்ணெய்களோடு ஒப்பிட்ட பரிசோதனைகளை ஒன்றாகக் கூட்டிப் பார்த்து 2020இல் ஒரு ஆய்வு வந்தது. தேங்காயெண்ணெய் எல்.டி.எல்.லைப் பத்து புள்ளி அளவில் கூட்டுகிறது, எச்.டி.எல்.லையும் நாலு புள்ளி கூட்டுகிறது. "நல்லதும் கூடுதுதானே" என்று வாதாடுவார்கள். எச்.டி.எல்.லை மருந்தால் உயர்த்திப் பார்த்த பெரிய பரிசோதனைகளில் எதிர்பார்த்த பலன் வரவில்லை என்பதையும் அவர்கள் சொல்ல வேண்டும்.

இன்னொரு வாதம் தொகெலாவ் தீவு. பசிபிக்கில் இருக்கிறது. சக்தியில் பாதிக்கு மேல் தேங்காயிலிருந்தே எடுத்த சனம், ஆனாலும் மாரடைப்பு அரிது. உண்மைதான். அவர்கள் துடுப்பு வலித்து மீன் பிடித்துத் தின்றவர்கள். நாங்கள் கட்டிலில் படுத்துக்கொண்டு போனில் கொத்து ஓடர் பண்ணுகிறவர்கள்.

போத்தலில் "கொலஸ்ட்ரோல் அற்றது" என்று அச்சடித்திருப்பதைப் பார்த்து மயங்காதீர்கள். அது பொய் இல்லை. கொலஸ்ட்ரோல் விலங்குகளில்தான் இருக்கும். எந்தத் தாவர எண்ணெயிலும் சொல்லும்படியாக இருக்காது. கேட்க வேண்டிய கேள்வி நிரம்பிய கொழுப்பு எவ்வளவு என்பது. 2019 முதல் இலங்கையில் பொதி செய்த உணவுகளில் சீனி, உப்பு, கொழுப்புக்குச் சிவப்பு, மஞ்சள், பச்சை வட்டம் போட வைத்திருக்கிறார்கள். பிஸ்கட் பக்கற்றைத் திருப்பிப் பார்க்க ஒரு நிமிடம்கூட ஆகாது.

அப்படியென்றால் தேங்காயை விட்டுவிடவா? வேண்டாம். எங்கள் அம்மாமார் அதை எப்படிக் கையாண்டார்கள் என்று பாருங்கள். ஒரு தேங்காய் திருவினால் முதற்பால் தனி, இரண்டாம் பால் தனி, கடைசியாகப் பிழிவது கப்பிப்பால். காய் வேகுவது கப்பிப்பாலில். முதற்பால் இறக்குகிற நேரத்தில், வாசத்துக்கு ஒரு சுற்று. தண்ணீர் சேர்க்காமல் பிழிந்த முதற்பாலில் நூறு மில்லிலீற்றருக்கு இருபது கிராமுக்கு மேல் கொழுப்பு இருக்கும். கப்பிப்பாலில் அவ்வளவு இருக்காது. அந்த ஒரு தேங்காயும் எட்டுப் பேர் இருந்த வீட்டுக்கு. இன்றைக்கு மூன்று பேருக்கு ஒரு பக்கற் கெட்டிப்பாலை அப்படியே கவிழ்க்கிறோம். 2025 தொடக்கத்தில் தேங்காய் விலை 200 ரூபாயைத் தொட்டபோது சனம் அரசாங்கத்தை ஏசியது, நியாயம்தான். எனக்கு மனதுக்குள் வேறொரு யோசனையும் ஓடியது. வெளியில் சொன்னால் என் மனுசியே அடிக்க வருவாள்.

தேங்காயைவிட எனக்குப் பயம் சோட்டீட்ஸ் எண்ணெய். பின்னேரம் நாலரைக்கு மட்டக்குளி பஸ் நிலையப் பக்கம் போய், றோல்ஸ் பொரியும் தாச்சியைப் பாருங்கள். எண்ணெய் பிளேன்ரீ நிறத்தில் இருக்கும், ஓரத்தில் நுரை கட்டி நிற்கும், புகை கண்ணை எரிக்கும். நேற்றைய எண்ணெய்க்கு மேல் இன்றைய எண்ணெய். திரும்பத் திரும்பக் காய்ந்த எண்ணெய் சிதைந்து கெடுகிறது, அதில் ட்ரான்ஸ் கொழுப்பும் கூடுகிறது. ட்ரான்ஸ் கொழுப்புக்கு ஒரு நல்ல குணமும் இல்லை, எல்.டி.எல்.லைக் கூட்டும், எச்.டி.எல்.லைக் குறைக்கும். டென்மார்க் 2003இலேயே அதைக் கட்டுப்படுத்தச் சட்டம் போட்டது. 2018இல் உலக சுகாதார நிறுவனம் உலகத்திலிருந்தே ஒழிக்க அறைகூவல் விட்டது. 2021இல் இறக்குமதித் தேங்காயெண்ணெயில் அஃப்லாடொக்சின் என்ற நச்சு இருக்கிறது என்று நாடே கொந்தளித்தது, ஏப்ரலில் பாமாயில் இறக்குமதிக்குத் தடையும் வந்தது. அந்த அமளியில்கூட, தாச்சியில் கிடக்கும் எண்ணெய் எத்தனையாவது நாள் என்று கடைக்காரரை ஒருவரும் கேட்டதாக நான் அறியவில்லை.

அடுத்தது சோறு. "கொழுப்பே தொடுறதில்ல, ட்ரைகிளிசரைட் மட்டும் 300" என்று வருகிறவர்களின் கோப்பையைப் பார்த்தால் சோறு மலையாக இருக்கும், கறி மூன்று கரண்டி. கூடுதல் மாச்சத்தையும் சீனியையும் ஈரல் ட்ரைகிளிசரைட்டாக மாற்றி அனுப்புகிறது. மதுவும் அதைக் கூட்டும். நம்மவர்களின் வாகு, வயிறு முன்னால், எச்.டி.எல். கீழே, ட்ரைகிளிசரைட் மேலே. தெற்காசிய ஆண்களுக்கு இடுப்பு 90 சென்ரிமீற்றர், பெண்களுக்கு 80 தாண்டினால் எச்சரிக்கை. தராசை நம்பாதீர்கள், தையற்காரரின் நாடாவை வாங்குங்கள். 52 நாடுகளில் நடந்த இன்ரர்ஹார்ட் ஆய்வில் முதல் மாரடைப்பு வந்த தெற்காசியர்களின் சராசரி வயது 53. மற்றவர்களுக்குக் கிட்டத்தட்ட 59. ஆறு வருடம் முந்திக்கொள்கிறோம். சோற்றில் ஒரு அகப்பையைக் குறைத்து அந்த இடத்தில் பருப்பும் கீரையும் சாளை மீனும் வையுங்கள். சாளை மலிவு, அதில் ஒமேகா 3 தாராளம், பொரிக்காமல் குழம்பு வைத்தால்.

இனி மாத்திரை. கொலஸ்ட்ரோலைக் குறைக்கும் ஸ்டாட்டினை ஏதோ மேல்நாட்டுச் சதி என்று போனில் அனுப்புகிறார்கள். அது அரிசியில் பிறந்த மருந்து, தெரியுமா? ஜப்பானில் அகிர எண்டோ என்ற விஞ்ஞானி ஆயிரக்கணக்கான பூஞ்சணங்களைச் சோதித்து, 1973இல் முதல் ஸ்டாட்டினைப் பிரித்தெடுத்தார். அது கியோட்டோ தானியக் கடை ஒன்றின் அரிசியில் பிடித்திருந்த நீலப்பச்சைப் பூஞ்சணத்தில் இருந்தது. அவர் 2024இல் தொண்ணூறு வயதில் காலமானார். ஸ்கந்திநேவிய நாடுகளில் 4,444 இருதய நோயாளிகளை வைத்துச் செய்த பரிசோதனையின் முடிவு 1994இல் வந்தது. சிம்வாஸ்டாட்டின் என்ற ஸ்டாட்டினை எடுத்தவர்களில் மரணம் 30 சதவீதம் குறைந்திருந்தது.

கவுண்டரில் நான் அதிகம் கேட்ட வசனம் இதுதான்: "நம்பர் இறங்கிட்டு, அதான் குளிசைய நிப்பாட்டிட்டன்." நம்பர் இறங்கியது குளிசையால். நிறுத்தினால் சில கிழமைகளில் பழைய இடத்துக்கே ஏறிவிடும். 2022இல் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டவர்கள் இருந்தார்கள். அது இல்லாக்குறை, அவர்களைக் குற்றம் சொல்ல மாட்டேன். கிளினிக்கில் இலவசமாகக் கொடுக்கும் மருந்தை அலுமாரியில் அடுக்கி வைத்திருப்பவர்களை என்ன சொல்வது? தசைநோவு வந்தால் டொக்டரிடம் சொல்லுங்கள். அளவை மாற்றுவார், மருந்தையே மாற்றுவார். ஒரு சேதி, எல்லா ஸ்டாட்டினும் இராத்திரிதான் போட வேண்டும் என்றில்லை. சிம்வாஸ்டாட்டினுக்கு அந்த நேரம் நல்லது, அட்டோவாஸ்டாட்டினை எந்த நேரமும் போடலாம், ஆனால் தினமும். கர்ப்பம் தரிக்க நினைக்கும் பெண்கள் கட்டாயம் முன்கூட்டியே டொக்டரோடு பேச வேண்டும்.

கட்டார் போக இருந்த தம்பி இப்போது மருந்தில் இருக்கிறான். தங்கச்சியையும் சோதித்தார்கள், அவளுக்கும் இருக்கிறது, வயது இருபத்திரண்டு.

சுகாதார அமைச்சு 2011 முதல் ஆரோக்கிய வாழ்க்கைமுறை நிலையங்களை நடத்துகிறது. 35 வயது தாண்டியவர்கள் பக்கத்து அரச ஆஸ்பத்திரியில் விசாரித்தால் எங்கே, எந்த நாள் என்று சொல்வார்கள். நிறை, இரத்த அழுத்தம், சீனி எல்லாம் பார்ப்பார்கள், காசு இல்லை. வீட்டில் யாருக்காவது இளவயதில் மாரடைப்பு வந்திருந்தால் 35 வரை காத்திருக்காமல் இப்போதே லிப்பிட் ப்ரொஃபைல் என்ற கொலஸ்ட்ரோல் இரத்தச் சோதனையை எடுங்கள். போகும்போது அப்பா, அம்மா, மாமா, சித்தப்பாமாருக்கு என்ன வருத்தம், எந்த வயதில் வந்தது என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். டொக்டர் கேட்கிற முதல் கேள்வி அதுதான்.