அலைமேல் நாங்கள் நால்வர்

"நாற்பத்தஞ்சு வயசில் கடல் அலைமேல் பலகை போட்டு நிற்கப் போறியா?" என்று மாமியார் வாயில் கை வைத்தார். "நிற்கிறேனோ இல்லையோ, விழுந்துவிட்டாவது வருகிறேன் அம்மா" என்றேன். என்னவரோ, "ஹெல்மெட்டை மறக்காதே" என்பதோடு சரி. அனுமதி கிடைத்தாயிற்று!

ஒரே காலனியைச் சேர்ந்த சிநேகிதிகள் நாலு பேர் நாங்கள். இரண்டு ஸ்கூட்டர், ஒரு புல்லட். புல்லட் ஓட்டியவள் நாகப்பட்டினத்துக்காரி. அவள் பின்னால் நான். பிப்ரவரியில் ஒரு நாள், இருட்டுப் பிரியுமுன் திருவான்மியூரை விட்டுக் கிளம்பினோம். புடவையும் துப்பட்டாவும் சக்கரத்தில் மாட்டும் என்பதால் எல்லோரும் பேன்ட், முழுக்கைச் சட்டை. பின்னால் உட்காருகிறவர்களுக்கும் ஹெல்மெட் அவசியம், தெரியுமோ?

முட்டுக்காடு பாலத்தில் வண்டியை ஓரங்கட்டினோம். ஒரு பக்கம் உப்பங்கழி, மறு பக்கம் கடல், நடுவே சூரியோதயம். பிளாஸ்கில் கொண்டுபோன காபிக்கு அன்று தனி ருசி!

கோவளம் என்றதும் கேரளத்து ஊரை நினைக்காதீர்கள். இது நம் சென்னைக்குத் தெற்கே சுமார் 40 கிலோமீட்டரில் இருக்கும் மீனவ ஊர். மாதா கோயிலும் தமீம் அன்சாரி தர்காவும் பக்கத்துப் பக்கத்தில். 2021ல் இந்தக் கடற்கரைக்கு 'நீலக்கொடி' என்ற சர்வதேசச் சான்றிதழ் கிடைத்தது. அலைச்சறுக்கு சொல்லித் தருகிறவர்கள் குப்பத்துப் பிள்ளைகள்தான். கட்டுமரத்தில் நின்று பழகிய வம்சமாயிற்றே, பலகை எம்மாத்திரம்! ஆங்கிலத்தில் 'கேட்டமரான்' என்பதே நம் கட்டுமரம்தானே.

புதிதாகக் கற்பவர்களுக்கு மெத்தென்ற நீளப் பலகை. அதிலிருந்து ஒரு கயிறு கணுக்காலில் கட்டப்படும். விழுந்தாலும் பலகை ஓடிப்போகாது. முதலில் மணலில் பாடம். குப்புறப் படுத்து, கைகளால் துழாவி, அலை தூக்கும்போது உள்ளங்கையை ஊன்றி ஒரே எழும்பாக எழும்ப வேண்டும். "தண்ணியைப் பார்க்காதீங்க அம்மா, கரையைப் பாருங்க" என்றான் பையன். பதினோரு தடவை விழுந்தேன். பன்னிரண்டாவது தடவை நின்றேன், மூன்று விநாடி!

அந்தப் பையன் சொன்ன இன்னொன்றை, குழந்தைகளோடு கடலுக்குப் போகும் தாய்மார்கள் அவசியம் மனசில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பக்கமும் அலை உடையும்போது நடுவில் மட்டும் தண்ணீர் சாதுவாக இருந்தால் அங்கே இறங்கக்கூடாது. கரைக்கு வந்த தண்ணீர் திரும்பி ஓடும் வழியாக அது இருக்கலாம். ஆளை உள்ளே இழுத்துவிடும். சிக்கிக்கொண்டால் கரையை நோக்கி எதிர்த்து நீந்தாமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியே வந்து, பிறகு கரைக்குத் திரும்ப வேண்டும். நீந்தத் தெம்பில்லாவிட்டால் மிதந்தபடி கையைத் தூக்கி உதவி கேட்க வேண்டும்.

புல்லட்காரி மட்டும் மணலிலேயே உட்கார்ந்திருந்தாள். 2004 டிசம்பர் 26ல் சுனாமி அவளுடைய அத்தையைக் கொண்டுபோனது. அதற்குப் பிறகு இருபது வருஷத்துக்கு மேலாக அவள் கடலில் கால் நனைத்ததில்லை. வண்டி ஓட்டத்தான் வந்தேன் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தாள். நாங்களும் வற்புறுத்தவில்லை.

"அன்னிக்கு நீ எங்கேப்பா இருந்தே?" என்று பையனைக் கேட்டாள்.

"ஆயா தூக்கிக்கிட்டு ஓடிச்சாம். நான் சின்னப் புள்ளை, எனக்கு ஞாபகம் இல்லே அக்கா" என்றான்.

சற்று நேரம் பேசாமல் இருந்தவள் பேன்ட்டை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு என் கையைப் பிடித்தாள். முதல் அலைக்கு நகம் பதிய இறுக்கினாள். மூன்றாவது அலைக்குக் கையை விட்டுவிட்டாள். பலகையைத் தொடவில்லை. "இன்னிக்கு இது போதும்டி" என்று திரும்பி வந்து புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்தாள்.

மத்தியானம் மாமல்லபுரம். 2025 ஆகஸ்டில் ஆசிய அலைச்சறுக்குப் போட்டி நடந்தது இங்கேதான். 2004ல் பேரலை மணலை அரித்துப்போனபோது, மறைந்திருந்த சிற்பப் பாறைகள் வெளியே தெரிந்தனவாம். புல்லட்காரி கடற்கரைக் கோயிலை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

போக நினைப்பவர்களுக்கு: வடகிழக்குப் பருவமழை மாதங்களில் கடல் மூர்க்கமாக இருக்கும், வேண்டாம். ரத்த அழுத்தம், இருதயக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுக்கொள்ளவும், கர்ப்பிணிகளுக்கு ஆகாது. வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு இறங்காதீர்கள். நீர்மோர் நிறைய எடுத்துப்போங்கள். எனக்கு மூன்று நாள் தோள்வலி. துணி பிழியக்கூட முடியவில்லை. வெந்நீர் ஒத்தடம் கைகொடுத்தது. உப்புக்காற்று பட்ட வண்டியை வீடு வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவிவிடுங்கள், இல்லாவிட்டால் துருப்பிடிக்கும்.